முதல் எழுத்து மட்டும்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பூட்டிக் கிடக்கும் பேக்கரிக்கு மேல்மாடி என் கடை.
சன்னலோரம் உட்கார்ந்தால்
செல்போன் கேரளத்துக்கு வரவேற்கும்.
கதவருகே வந்தால் தமிழ்நாடு.
ஆள் வராத மத்தியானங்களில்
நாற்காலியை உருட்டி உருட்டி
மாநிலம் மாறிக்கொண்டிருப்பேன்.

சர்வேயர் டென்சிங் ராஜ்
ஹார்ட் டிஸ்கை மீன் வாங்கிய பையில்
சுற்றிக் கொண்டுவந்தார்.
"ஒரேயொரு வரைபடம் வேணும், பிள்ளே.
மத்ததெல்லாம் போனாப் போகட்டு."

எப்போது போனது?
ஓணத்துக்கு முன்னே.
அழித்தது யார்?
மின்விசிறியைப் பார்த்தார்.
"அது தானா போச்சு."

அப்புறம் மச்சினன் மகன் வந்திருக்கிறான்,
கல்யாண வீடியோவோடு.
நாலு ஜிபிக்கு மேல் ஒற்றை ஃபைல்.
பழைய ஃபேட் அதை வாங்க மாட்டேன் என்றது.
கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினான்.
என்டிஎஃப்எஸ் ஆயிற்று.
எதுவும் தொலையவில்லை என்றான்,
எல்லாரும் பிரியாணிக்குப் போனார்கள்.

உண்மைதான்.
இருந்தது எதுவும் தொலையவில்லை.

பழைய முறைக்கு ஒரு சோம்பல் உண்டு.
அழி என்றால் அழிக்காது.
பெயரில் முதல் எழுத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு
எங்கே தொடக்கம், எவ்வளவு நீளம்
என்ற குறிப்பை அப்படியே விட்டுவைக்கும்.
கோமதி போனால் மதி கிடப்பாள்.
முன்னால் ஒரு 'கோ' வைத்தால்
எழுந்து வருவாள்.

புதியது கறார்.
மாற்றிய அன்றைக்கு உயிரோடிருந்தவற்றை மட்டும்
தன் பேரேட்டில் ஏற்றிக்கொண்டது.
பழைய ஏட்டைக் கைவிட்டது.
பேரேட்டை வைக்க இடம் வேண்டுமே,
காலி என்று எழுதியிருந்த இடமாகப் பார்த்து
உட்கார்ந்தது.

அந்தக் காலியில்தான்
வரைபடம் படுத்திருந்தது.

"அம்பத்தாறுல நம்ம தாலுகாவை
இந்தப் பக்கம் எழுதினதுபோல," என்றார்.
"ஒரு தென்னை நகரல்ல.
ஏட்டுல வராதவன்தான் அலைஞ்சான்."
நான் அரை மணி நேரம் விளக்க நினைத்ததை
அவர் முடித்துவிட்டார்.

ராத்திரி முழுக்கத் தேடவிட்டேன்.
பெயரில்லாமல், எண்ணை மட்டும் கட்டிக்கொண்டு வந்தன:
பாதி ஞானஸ்நானச் சான்றிதழ்,
ரப்பர் ஷீட் கணக்கு,
சுவரில் ஒரு பல்லி,
மறுபடி அதே பல்லி,
நாற்பத்தெட்டு தடவை அதே பல்லி.

நூற்றுப் பதினேழாவதாக வரைபடம்.
மேலே வடக்கு.
கிணறு, இரண்டு அயனி மரம், சர்ச் மதில்,
எறும்பு வரிசைபோல் அவருடைய அளவுகள்.
நடுவுக்குக் கீழே சாம்பல்.
மடிப்போ கோடோ இல்லாத
தட்டைச் சாம்பல்.

"தெக்கே எல்லை?"
அங்கேதான் பேரேடு இருக்கிறது என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார்.
துடைக்கவில்லை.
"எனக்க கையாலதான் அழிச்சேன்.
ரெண்டு மீட்டர் தள்ளி
வேற ஒண்ணு வரைஞ்சு குடுத்தேன்.
வியாழக்கிழமை குழித்துறைக் கோர்ட்டு.
உள்ளதைச் சொல்லலாம்ணு இருக்கேன்.
வெறும் வாயால சொன்னா எப்பிடி,
கடலாசு வேண்டாமா?"

அந்தப் பையன் மாற்றாமலிருந்தால்
ஒரு எழுத்து போட்டிருப்பேன்.
அதை நான் சொல்லவில்லை.
பாதிப் படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன்.

மேசை விளிம்பில் விரித்து,
சட்டைப் பையிலிருந்து பென்சில் எடுத்து,
கிணற்றுக்குத் தெற்கே அவர் போட்ட கோடு
சாம்பலில் தெரியவே இல்லை.
அழுத்திப் பார்த்தார். முனை ஒடிந்தது.

கீழே திருவனந்தபுரம் பஸ்
ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.
சன்னலோரத்தில் என் போன் அதிர்ந்து
யாரையோ வரவேற்றது.

"சிவப்புப் பேனா இருக்கா, பிள்ளே?"